கடல் கடக்கும் பத்திரங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழாசிரியர் பேசுகின்றார் என்றவுடன் காவியச் சுவை கேட்கலாமென்று வந்திருப்பீர்கள். யாம் எடுத்துக்கொண்டதோ பிறப்புப் பத்திரமும் மணப் பத்திரமும். மக்கள் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் நம்முள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள நினைக்குங்கால், வீட்டிலுள்ள பழைய தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் தரும்படி அவ்வந்நாட்டுச் சர்க்கார் கேட்கின்றது. 'பண்டிதருக்கு இரண்டு பாஷையும் தெரியுமே' என்று எம் இல்லத்தை நாடுவோர் பலர். அங்ஙனம் வந்த ஓர் அம்மையாருக்கு எம்மால் விளைந்த இடையூற்றை முதற்கண் சொல்லிவிடுவதே முறை.

அவ்வம்மையார் கணவரை இழந்தவர். ஒரே மகனார் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். தாயாரை வரவழைக்க மனுச் செய்தார். தாய் மகன் என்னும் உறவை மெய்ப்பிக்க மகனுடைய பிறப்புப் பத்திரம் வேண்டும். அதுவோ 1970-களில் கிராம முன்சீப்பு தம் கையால் எழுதிவைத்த பதிவின் நகல், முழுவதும் தமிழ். ஒரு மாலைப்பொழுதில் யாமே அதனை மொழிபெயர்த்துக் கொடுத்தோம்.

அம்மையாரின் பெயர் ரகரத்தில் தொடங்குவது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்று இருபது ஆண்டுகளாக வகுப்பிற் கூறிவருபவர் யாம். முன்சீப்பு வெறும் ரகரத்தில் எழுதியிருந்ததை எம் கை பொறுக்கவில்லை. இகரம் சேர்த்துச் செப்பஞ் செய்து, ஆங்கிலத்திலும் 'ஐ' என்னும் எழுத்தைத் தலையில் ஏற்றினோம். பாஸ்போர்ட்டிலோ 'ஆர்' என்னும் எழுத்தே முதலில் நின்றது. போதாக்குறைக்கு, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த ஒரு வரியை அற்பமென்று விட்டுவிட்டோம். அடியில், 'இம்மொழிபெயர்ப்பு முழுமையும் செம்மையும் உடையது' என்று கையொப்பமும் இட்டோம்.

சில திங்கள் கழித்துக் கடிதம் வந்தது: பத்திரத்தில் உள்ள பெண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ள பெண்ணும் ஒருவரே என்பதற்குச் சான்று யாது? ஓரத்து எழுத்துக்குப் பொருள் யாது? கேட்டவர்மேற் குற்றமில்லை. தமிழ் அறியாத உத்தியோகஸ்தர் எம் ஆங்கிலத்தையன்றி வேறெதனைப் படிப்பார்? புதிய மொழிபெயர்ப்பும், பிழை எம்முடையதே என்னும் விளக்கமும் எழுதி அனுப்பினோம். காரியம் முடிய மேலும் நான்கு திங்கள் சென்றன. இதனிடையே அங்கே மருமகளுக்குப் பிரசவம் ஆயிற்று. உடனிருக்க வேண்டிய அம்மையார் இங்கே எம் தெருவழியே கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். எம்மை ஒரு சொல்லும் சொன்னாரில்லை. அதுவே எமக்குப் பெருந் தண்டமாயிற்று.

அதன் பின்னரே அமெரிக்க விதியைத் தேடிப் படித்தோம். அந்நாட்டுக் கூட்டாட்சி விதித்தொகுதியில் 8-ஆம் தலைப்பு, 103.2 என்னும் பிரிவு. பிறமொழிப் பத்திரத்தோடு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருத்தல் வேண்டும். அது முழுமையானது, செம்மையானது என்றும், அம்மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டென்றும் மொழிபெயர்த்தவர் சான்றுரை தரல் வேண்டும். அவ்வளவே. செம்மையாவது மூலத்தோடு ஒத்து நிற்றல். மூலத்தைத் திருத்துதல் அன்று. இலக்கணம் கற்ற எமக்கு இதனை உணர நான்கு திங்கள் பிடித்தது!

ஆதலின் முத்திரையில் உள்ள எழுத்து, அடித்த எழுத்து, ஓரக்குறிப்பு யாவும் மொழிபெயர்ப்பில் வருதல் வேண்டும். படிக்க இயலாத இடத்தில் 'படிக்க இயலவில்லை' என்று எழுதுக, ஊகித்து நிரப்பற்க. மூலத்திற் பிழையிருப்பின் பிழையாகவே நிற்க. பெயர் எழுத்து வேறுபடின் அதனை விளக்கத் தனிப் பத்திரம் உண்டு; மொழிபெயர்ப்பு அதற்கு இடமன்று.

பழைய மண ஓலைகளில் 'ஆனந்த வருஷம் மார்கழி மாதம் 20-ஆம் நாள்' என்றிருக்கும். ஆனந்த வருஷம் 1974 சித்திரையிற் பிறந்தது. ஆகவே அவசரக்காரர் 1974 என்று எழுதிவிடுவர். மார்கழி 20-ஆம் நாளோ 1975 ஜனவரியில் விழுகின்றது. ஓலையில் உள்ளவாறே எழுதி, ஆங்கிலத் தேதியைப் பகர வளைவுக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பென்று காட்டுதலே நேரிது.

பெயரே எழுதப்படாத பிறப்புப் பத்திரங்களும் நம் வீடுகளில் உண்டு. 'ஆண் குழந்தை' என்றுமட்டும் இருக்கும். அன்பர் ஒருவர், 'மொழிபெயர்க்கும்போதே மகன் பெயரைச் சேர்த்துவிடுங்கள், ஐயா' என்றார். மறுத்துவிட்டோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெயரைப் பின்னர்ப் பதிவு செய்ய வழி தருகின்றது. பதிவாளரிடம் செல்க, எம்மிடம் வேண்டா. பத்திரமே கிடையாதெனின், பள்ளிப் பதிவு முதலிய துணைச் சான்றுகளையும், அவையும் இல்லாவிடத்து நேரில் அறிந்த இருவரின் பிரமாண வாக்குமூலத்தையும் அமெரிக்க விதி ஏற்கின்றது. பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கிழித்தெறியாது பேணுங்கள்.

நோட்டரியின் சிவப்பு முத்திரை இல்லாவிடின் மொழிபெயர்ப்புச் செல்லாதென்று சிலர் அச்சுறுத்திப் பொருள் பறிக்கின்றனர். மேற்கூறிய அமெரிக்க விதி அதனைக் கேட்கவில்லை. நோட்டரிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. கையொப்பமிட்டவர் இன்னார் என்பதே அவர் காணுவது. 'அப்பொஸ்தில்' என்பதும் அத்தகையதே. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையால் ஏற்பட்ட அம்முறை நம் நாட்டில் 2005 ஜூலை முதல் வழங்குகின்றது. பத்திரத்தின் கையொப்பமும் முத்திரையும் மெய்யென்பதை அது காட்டும். உள்ளே எழுதியது மெய்யென்று காட்டாது.

எனினும் நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரிட்டனுக்குரிய மொழிபெயர்ப்பில் மூலத்தோடு ஒத்தது என்னும் உறுதியுரை, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை வேண்டும். ஆஸ்திரேலியாவிலேயே மொழிபெயர்ப்பதாயின் 'நாட்டி' என்னும் அமைப்பின் சான்று பெற்றவரை நாடவேண்டும். கனடாவோ கண்டிப்பு மிக்கது. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர் மொழிபெயர்ப்பின், அவர் அதிகாரம் பெற்றவர்முன் பிரமாண வாக்குமூலம் தரல் வேண்டும். அங்கே நோட்டரிக்கு வேலை உண்டு. மேலும், மனுதாரரின் குடும்பத்தார் மொழிபெயர்த்தலாகாது. குடும்பத்தாராவார் பெற்றோர், உடன்பிறந்தார், துணைவர், மக்கள் மட்டுமோ? பாட்டன் பாட்டி, மாமன், அத்தை, அவர்தம் மக்கள் வரை அந்நாட்டார் எண்ணியிருக்கின்றனர். இம்மண்டபத்தில் ஒருவருக்கொருவர் மாமன் மகன், அத்தை மகன் ஆகாதவர் எத்துணைப் பேர் என்று சற்றே திரும்பிப் பாருங்கள்!

நாடிவருவோர் ஞாயிறு காலையில் சங்க வாசகசாலைக்கு வரலாம். மூலப் பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் உடன் கொணர்க. பெயர் எழுத்தை ஒன்றோடொன்று ஒத்துப் பாராமல் இனி யாம் எழுதுகோலைத் தொடுவதில்லை. எம் சுற்றத்தார் கனடாவிற்குரிய பத்திரத்தோடு வரின் திருப்பி அனுப்புவோம். அதற்காக அடுத்த கலியாணத்திற்கு எம்மை அழைக்காமல் விட்டுவிடாதீர்கள்.