கடலில் எழும் சூரியனைப் படம் பிடிக்க



கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது. சுபஹுத் தொழுதுவிட்டுக் கரைக்கு நடப்பவர்கள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவந்த வட்டத்தைக் காணோம். வெளிறிய பொட்டு ஒன்றுதான் இருக்கும். இருண்ட மணலையும் கடலையும் கணக்கிலெடுத்துக் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதே காரணம். ஆகவே, சூரியனைப் பிடிக்க வெளிச்சத்தைக் குறைக்கப் பழக வேண்டும்.

திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிச்ச அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். வானத்தின் நிறம் திரும்பிவிடும். தோணியும் கரைவலை இழுப்பவர்களும் கறுப்பு உருவங்களாகத் தெளிவார்கள். உப்புக்காற்று படிந்த வில்லையை முதலில் துடையுங்கள். இல்லாவிட்டால் படமெங்கும் மூட்டம்தான்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நம் சூரியன் ஏறக்குறைய நேராக மேலேறும். விளிம்பு தெரிந்து முழு வட்டமும் வெளிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும், அவ்வளவுதான். பள்ளிவாசல் நேர அட்டவணையில் சூரிய உதயம் இருக்கும். அதற்குமுன்பே இடத்தைப் பிடித்துவிடுங்கள். சூரியன் எழும் இடமும் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூனில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே உதிக்கும்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்கு மேற்கே நின்று, மினாராவின் ஓரத்தில் சூரியன் சற்றே எட்டிப்பார்க்கும்படி பாருங்கள். துவாரத்தை மாற்றக்கூடிய கமரா என்றால், அதை எஃப் 16 வரை சுருக்கினால் கதிர்கள் நட்சத்திரமாக விரியும். துவாரத்தில் ஆறு இதழ் என்றால் ஆறு கதிர். ஏழு என்றால் பதினான்கு.

மாலையில் சூரியன் மேற்கே வயல்வெளியில் இறங்கும். விதைப்புக்கு முன் தண்ணீர் கட்டிய வயல் வானத்தை அப்படியே காட்டும். அஸ்தமித்த பின் கடல்பக்கம் திரும்புங்கள்: அடிவானில் நீலச் சாம்பல் பட்டையும் அதன்மேல் இளஞ்சிவப்பும் தெரியும். அந்தப் பட்டை பூமியின் நிழல்.

ஒரு எச்சரிக்கை. சூரியன் மேலேறிவிட்டால் கமராக் கண்ணாடி வழியே அதைப் பார்க்காதீர்கள். 2019 டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணமாகவும் இங்கே பகுதிக் கிரகணமாகவும் தெரிந்ததே, அப்படியான நாளிலும் சூரிய வடிகட்டியை வில்லைக்கு முன்னால் மாட்டியே எடுக்க வேண்டும். எக்ஸ்ரே படமும் கறுப்புக் கண்ணாடியும் கண்ணைக் காக்காது. படம் இன்னொரு காலையில் கிடைக்கும், பார்வை அப்படியல்ல.