நாம் சாப்பிடாத இறைச்சியின் புழு

(அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வலிப்பு வந்த பிள்ளையைக் கூட்டி வருவார்கள். ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் சின்னக் கட்டி. பன்றி நாடாப்புழுவால் வந்தது என்று சொன்னதும் வாப்பாவின் முகம் மாறிவிடும். "டாக்டர், நாங்க அதைத் தொடுறதே இல்லையே!"

உண்மைதான். ஆனால் இந்தப் புழுவுக்கு இரண்டு வழி உண்டு. பன்றி இறைச்சியை அரைவேக்காடாகச் சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாது. அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். அவர் கை கழுவாமல் சமைத்தாலோ, அந்த மலம் கலந்த தண்ணீர் கீரைத் தோட்டத்தில் பாய்ந்தாலோ முட்டை அடுத்தவர் வாய்க்குப் போகும். அது குடலில் பொரித்து, ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய்க் கூடு கட்டும். பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, அந்தக் கூடு சாகும்போது வீங்கி வலிப்பைக் கொண்டுவரும். அவருக்கு வயிற்றில் புழு, பச்சைக் காய் தின்ற நம் பிள்ளைக்கு மூளையில் கட்டி.

நியூயார்க்கில் பன்றியைத் தொடாத யூதர்கள் நான்கு பேருக்கு இந்நோய் வந்தது 1992-ல் மருத்துவ இதழில் பதிவானது. வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலம் பரவியிருக்கலாம் என்று கண்டார்கள். இதைக் கேட்டு நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவைச் சந்தேகப்படாதீர்கள். குடலில் இருக்கும் அந்தப் புழு ஒரு வேளை மருந்தில் போய்விடும். அந்த மருந்தும் ஒரு நல்ல கழிப்பறையும் அவருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

இந்நோய் அதிகமுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகள் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மிடம் என்ன நடக்கிறது? ஜின் சேட்டை என்று தாயத்துக் கட்டி ஆறு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும் என்று மறைக்கிறார்கள். துஆ செய்யுங்கள், மாத்திரையும் கொடுங்கள். ஆனால் வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பூச்சி மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையில் உள்ள கூடுகள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடிவிடும்.

விருந்துச் சாப்பாட்டில் வெந்த பிரியாணியால் இந்தப் பயம் இல்லை. தயிர் வெங்காயம், வெள்ளரித் துண்டு, மேலே தூவும் மல்லி, புதினா, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். வேகவைத்தால் சாகும்.

வேகவைத்தாலும் போகாதது ஒன்று உண்டு, ரசாயனம். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. நம் நோன்புக் கஞ்சிக் கொட்டகையிலும் மலிவாகக் கிடைத்த பழைய கேன்களில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி வைக்கிறோம். அதில் முன்பு என்ன இருந்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது. ஜமாஅத் நிர்வாகிகளே, ரமலானுக்கு முன் அவற்றைக் கழித்துக்கட்டி ஸ்டீல் டிரம் வாங்குங்கள். வசூலில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், முன்பு எடுத்த ஸ்கேனோடு இன்றே வந்து பாருங்கள். பெண்களுக்கு உள் அறையில் பெண் மருத்துவர் இருக்கிறார். பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்.