கடன் தீர்ப்பதும் குற்றமா?

(திருத்தங்கலில் ஆற்றிய உரை)



கடனைக் கட்டாதவனுக்குத் தண்டம் உண்டு. அது நாடறிந்த வழக்கம். தவணை தவறினால் கடிதம் வரும். கடிதத்துக்கும் மசியாவிட்டால் ஆள் வருவார். அதற்கும் மசியாவிட்டால் வீட்டுச் சுவரிலே அறிவிப்பு ஒட்டப்படும். ஆனால், கடனைக் கட்ட வந்தவனுக்கே தண்டம் என்றால்? கெடு முடியுமுன்பே, அசலும் அன்றுவரை ஏறிய வட்டியும் குறைவின்றிக் கையிலே ஏந்தி வந்தவனைப் பார்த்து, "நில்! நீ கடனைத் தீர்க்கிறாய், ஆகவே இன்னும் கொஞ்சம் கொடு" என்றால்? இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நம் ஊரில்தான் நடக்கிறது, நண்பர்களே! அடமானக் கடன் வாங்கிய ஆயிரமாயிரம் பேருக்கு நடந்திருக்கிறது.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். கற்பனைக் காட்சிதான்; ஆனால் உங்களில் பலர் இதில் வேடம் கட்டாமலேயே நடித்திருப்பீர்கள்.

சிவகாசிச் சாலையிலே ஓர் ஆப்செட் அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கடைகளுக்கு நாட்காட்டி. இயந்திரம் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியிலே வைத்தார் உரிமையாளர். ஆண்டுகள் ஓடின. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வாண்டு தீபாவளி வசூலும் வந்தது, நாட்காட்டி வசூலும் வந்தது. "போதும் இந்தப் பாரம்" என்று வங்கிக்குப் போகிறார்.

"சார், பாக்கி முழுவதையும் கட்டிவிட வந்திருக்கிறேன்."

"மகிழ்ச்சி, அண்ணாச்சி! பாக்கி 40 இலட்சம். அதோடு நூற்றுக்கு நான்கு வீதம் 1,60,000 ரூபாய்."

"அது எதற்கு, சார்?"

"முன்கூட்டியே முடிக்கிறீர்களே, அதற்கு."

"நான் தவணை தவறினேனா?"

"தவறவே இல்லை. தவறியிருந்தால் அதற்குத் தண்டம் தனி."

"பிறகு?"

"அது போகட்டும், இந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? சொந்தப் பணமா, வேறு வங்கி கொடுத்ததா?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டீர்களா, தோழர்களே? "இந்தப் பொருள் உனக்கு எங்கிருந்து வந்தது?" இதே கேள்வி இதே மண்ணிலே முன்பொருமுறை கேட்கப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில் இருக்கிறது அந்தக் கதை. தங்கால் என்று இளங்கோவடிகள் குறித்த ஊர், நாம் கூடியிருக்கும் இந்தத் திருத்தங்கல்தான் என்பர் அறிஞர். சேரனிடம் பரிசில் பெற்று ஊர் திரும்பிய பராசரன், தங்காலில் தங்கி, வார்த்திகன் என்பவரின் சிறு மகன் பிழையின்றி மறை ஓதக் கேட்டு மகிழ்ந்து, தன் அணிகலன்களை அவனுக்கு அளித்துச் சென்றான். குடும்பத்திலே செழிப்பு வந்தது. பார்த்தனர் அரசனின் ஏவலர். இவனுக்கு ஏது இவ்வளவு பொருள்? மன்னனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையிலே தள்ளினர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள்; ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்தது; பாண்டியன் விசாரித்தான், தவறு உணர்ந்தான், சிறைக் கதவைத் திறந்துவிட்டுத் தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்குத் தந்தான். கோயில் கதவு நம்பிக்கையைச் சார்ந்தது. அதை அவரவர்க்கு விட்டுவிடுகிறேன். நேர்மையாய் வந்த பொருளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த அந்த ஏவலர்கள் மட்டும் இன்னும் சாகவில்லை. நாற்காலியும் கணிப்பொறியும் பெற்று அமர்ந்திருக்கிறார்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

வங்கி ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறது? சொந்தப் பணமென்றால் பேசிப் பார்க்கலாம். வேறு வங்கி கொடுத்த பணமென்றால் விடமாட்டார்கள். அங்கே வட்டி குறைவு. இங்கே வட்டி அதிகம். நீங்கள் அங்கே போய்விடக் கூடாது. அதற்காகக் கட்டிய வேலிதான் இந்தக் கட்டணம்.

அவர்கள் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுவோம். எதிர்த்தரப்பின் குரலை மறைத்துப் பேசுவது மேடைக்கு அழகல்ல. வைப்பு நிதியாக மக்களிடம் வாங்கிய பணத்தை நீண்ட காலக் கணக்குப் போட்டுக் கடனாகக் கொடுத்திருக்கிறோம். நடுவிலே திருப்பிக் கொடுத்தால் கணக்குக் குலைகிறது என்பது அவர்கள் வாதம். நிலை வட்டிக் கடனுக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. வட்டி விழுந்த காலத்தில் திரும்பி வரும் பணத்தை அவர்கள் குறைந்த வட்டிக்குத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஆனால் மாறும் வட்டிக் கடனில்? வட்டி ஏறினால் ஏற்றம் நம் தலையில். சந்தை வட்டியே நம் வட்டி. திரும்பி வந்த பணத்தை அதே சந்தை வட்டிக்கு மறுநாளே வேறொருவருக்குக் கொடுக்கலாமே! இழப்பு எங்கே? இன்னொன்றும் பாருங்கள். நாம் போட்ட வைப்புத் தொகையைக் கெடுவுக்கு முன் எடுத்தால் நம் வட்டியிலே பிடித்தம். அவர்கள் கொடுத்த பணத்தைக் கெடுவுக்கு முன் கொடுத்தாலும் நம்மிடமே கட்டணம். எடுத்தாலும் நாம்தான், கொடுத்தாலும் நாம்தான்!

சட்டம் என்ன செய்தது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60ஆம் பிரிவிலே, அடமானத்தை மீட்கும் உரிமையை அளிக்கிறது. ஆனால் எப்போது? கடன் தொகை கொடுபட வேண்டிய நாள் வந்த பிறகு! அதற்கு முன்னே மீட்க வேண்டுமானால் ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும். ஆஜ்மீரிலே 1899இல் எழுதிய அடமானம் ஒன்றில் கெடு 85 ஆண்டு. 85 ஆண்டு என்பதாலேயே அது மீட்பு உரிமைக்குத் தடையாகிவிடாது என்று 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, முன்கூட்டி அடைப்பவன் ஒப்பந்தத்தின் தயவிலே நிற்கிறான். அந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவரோ கடன் கொடுப்பவர்.

அதன் பெயரையாவது ஒன்றாய் வைத்தார்களா? நம்மிடம் வாங்கும்போது கட்டணம். அதற்குச் சேவை வரி கேட்டது அரசு, வழக்கு வந்தது. ரெப்கோ வீட்டுக்கடன் நிறுவன வழக்கில், 2020 ஜூன் மாதம், வரித் தீர்ப்பாயத்தின் பெரிய அமர்வு சொன்னது: இது சேவைக்கான விலையல்ல, ஒப்பந்த மீறலால் வரும் இழப்புக்கு ஈடு. மீறல்! கடனைத் தீர்ப்பது மீறலாம்! 2022 ஆகஸ்டிலே மத்திய வரித்துறை விட்ட சுற்றறிக்கையோ, முன்கூட்டி அடைக்க அனுமதிப்பதற்கான கைம்மாறு என்றது. ஒரே தொகைக்கு எத்தனை முகமூடி! நாடகக்காரன் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

போராடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையத்துக்கு 2009இல் ஒருவர் முறையிட்டார்; 2010 டிசம்பரில் பெரும்பான்மை உறுப்பினர்கள், போட்டிச் சட்ட மீறல் இல்லை என்று தள்ளிவிட்டனர். ஆயினும் கேள்வி அடங்கவில்லை. 2012 ஜூன் 5ஆம் நாள், மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு இந்தக் கட்டணம் கூடாதென்று வங்கிகளுக்கு ஆணையிட்டது ரிசர்வ் வங்கி. மலிவான கடனை நாடிப் போகிறவரைத் தடுக்கும் செயலாக இது கருதப்படுகிறது என்று அதிலே எழுதியது. 2014 மே மாதம், தனிநபர் பெற்ற மாறும் வட்டித் தவணைக் கடன் அனைத்துக்கும் அது விரிந்தது. நம் அச்சகத்தாருக்கு அப்போதாவது விடிந்ததா? 2019இல் விளக்கம் வந்தது: தொழில் அல்லாத நோக்கத்துக்கு வாங்கிய கடனுக்கு மட்டுமே! அதே வீடு, அதே பத்திரம், அதே கையெழுத்து. வீடு கட்ட வாங்கினால் விடுதலை; இயந்திரம் வாங்கிப் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தால் தண்டம்.

2025 ஜூலை 2ஆம் நாள்தான் அந்தச் சுவரிலே உடைப்பு விழுந்தது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும், அல்லது புதுப்பிக்கப்படும், மாறும் வட்டிக் கடன்களில், தனிநபரும் குறு, சிறு தொழில்களும் தொழிலுக்காக வாங்கியவற்றுக்கும் பெரிய வணிக வங்கிகள் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பொருட்டல்ல! வார்த்திகனைக் கேட்ட கேள்வி, ஏட்டளவிலாவது, செத்தது. சிறு நிதி வங்கி, வட்டார ஊரக வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி, நடு அடுக்கு நிதி நிறுவனம் ஆகியவற்றில் 50 இலட்சம் வரைக்கும் இந்த விலக்கு.

முழு வெற்றியா? இல்லை. ஜனவரி 1க்கு முன் வாங்கிய தொழில் கடன், புதுப்பிக்கும் நாள் வராத வரை, பழைய ஒப்பந்தத்தின் பிடியிலேதான். நிலை வட்டித் தொழில் கடனும் அப்படியே. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அச்சும் பிழைப்பாய்க் கொண்ட இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்குமாய் இரும்புப் பெட்டியிலே உறங்குகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே, கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். நாள் என்ன, வட்டி மாறுவதா நிலையா, கட்டணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புதிய விதியின்கீழ், அனுமதிக் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் சொல்லாத கட்டணத்தைப் பின்னால் கேட்க முடியாது. வாய்ச்சொல்லாய்க் கேட்டால், எழுத்திலே தரச் சொல்லுங்கள். பல கட்டணங்கள் அந்த இடத்திலேயே மெலிந்துவிடும். எழுத்திலே முறையிட்டு 30 நாளில் பதில் இல்லையென்றால், பதில் நிறைவளிக்கவில்லையென்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொரு வேலை மீதி இருக்கிறது. கடன் தீர்ந்தபின் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் வங்கியுடையதானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரிலே ஓர் ஆணை போட்டார்கள். நல்ல ஆணை. ஆனால் அதன் தலைப்பிலேயே 'தனிநபர் கடன்' என்றிருக்கிறது. வீட்டை வைத்துத் தொழிலுக்குக் கடன் வாங்கிய நம் அச்சகத்தார் அந்தத் தலைப்புக்குள் வரவில்லை. கடன் முடிந்தும் பத்திரம் கைக்கு வராமல் அவர் அலைந்தால், அந்த நாட்களுக்குக் கணக்கு எழுதுவார் எவருமில்லை. அந்த ஆணையிலே தொழில் கடனையும் சேர் என்று கேட்டு ரிசர்வ் வங்கிக்கு எழுதும் விண்ணப்பம் மேடையின் வலப்பக்க மேசையிலே இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.