கி.பி. 3000-இன் காவலர்கள்



தொலைக்காட்சி வீரர் கதைகள் அடிதடியையன்றி வேறெதனையும் பிள்ளைகட்குப் புகட்டா என்று நம்மிற் பலர் குறைகூறுவதுண்டு. 'பவர் ரேஞ்சர்ஸ் டைம் ஃபோர்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரை அவ்வாறு தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. ஜப்பானில் 2000-இல் தொடங்கிய 'டைம்ரேஞ்சர்' தொடரின் சண்டைக் காட்சிகளை எடுத்தாண்டு, 2001-இல் 40 பகுதிகளாக வெளிவந்தது அது.

கி.பி. 3000-ஆம் ஆண்டின் காவலர் நால்வர், ரான்சிக் என்னும் கொடியவனைத் துரத்திக்கொண்டு 2001-க்கு வருகின்றனர். அவர்கட்குத் தலைமை தாங்குபவள் ஜென் என்னும் பெண். (நம் செயற்குழுவினர் இதனைக் கவனிப்பாராக!) ஐந்தாமவனாகச் சேர்கிறான் வெஸ், இக்காலத்துச் செல்வர் ஒருவரின் மகன்.

ரான்சிக் ஏன் கொடியவனானான்? விகாரப் பிறவியென்று மனிதர் அவனை ஒதுக்கினர். அவ்வெறுப்பே அவனுள் வளர்ந்தது. இறுதிப் போரில் அவன் வீசிய அடி தன் மகள் நதீராவின் மீதே பட்டுவிடுகிறது. கலங்கிப்போய்த் தானே சரணடைகிறான். ஆயுதம் செய்யாததை அந்த ஓர் அடி செய்துவிட்டது.

'மதராசி' என்னும் ஏளனத்தைப் பள்ளியிலேயே கேட்டுவிட்ட நம் பிள்ளைகள், "அவனை ஏன் ஒதுக்கினார்கள்?" என்று வினவக்கூடும். அவ்வேளை நாம் அடுக்களையிலோ சீட்டாட்டத்திலோ இராமல், அவர்கள் அருகில் அமர்ந்திருப்போமாக.