செயற்கை மூட்டுக்குப் பிறகு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் சிங்கப்பூர் இந்தியக் குடும்பங்களில் பெரியவர்கள் கேட்பது, "இனி கோயிலில் தரையில் உட்கார முடியுமா?" என்பதுதான். வலி போகுமா என்பது அடுத்த கேள்வி.

வலி பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். மூட்டும் உழைக்கும். 2019இல் வெளியான ஆய்வின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 வரை 25 ஆண்டு நீடிக்கின்றன. இடுப்பு மூட்டுகளில் அது 58.

ஆனால் முழங்கால் மடங்குவது வேறு விஷயம். முதல் சில வாரங்களில் பயிற்சியை விட்டுவிட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகி மூட்டு விறைத்துப்போகலாம். இங்கேதான் பாசம் குறுக்கே நிற்கிறது. "அம்மாவுக்கு வலிக்கிறது, படுத்திருக்கட்டும்" என்பார் மகன். பணிப்பெண் தண்ணீரையும் கட்டிலுக்கே கொண்டுவருவார். முழங்காலுக்கு அடியில் தலையணையும் வைப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், கால் நேராக நீளாமல் போய்விடும்! மருத்துவர் தந்த வலி மாத்திரையைத் தவிர்க்காமல், அது வேலை செய்யும் நேரத்தில் காலை மடக்கிப் பழக வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குக் கவலை வேறு. தாழ்வான இருக்கையில் அமர்ந்தாலோ கால்மேல் கால் போட்டாலோ புது மூட்டு நழுவக்கூடும். எத்தனை வாரம் தவிர்ப்பது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வீவக வீடுகளில் மூத்தோருக்குக் கழிவறைக் கைப்பிடி பொருத்த 'ஈஸ்' திட்டம் உதவுகிறது. வீடு திரும்புமுன்பே அதை முடித்துவிடலாம்.

கோயில் விஷயத்துக்கு வருவோம். சம்மணமிட்டு உட்காருவதைப் பல மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. சன்னதிவரை நடந்து போகலாம், பிரகாரமும் சுற்றலாம். உட்கார மட்டும் ஒரு நாற்காலி கேட்க வேண்டியிருக்கும்.