எழுதிய உரிமையும் கேட்ட பெண்களும்



1957 மார்ச் 25ஆம் திகதி பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் நகரில் உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அத்திவாரமிட்ட உடன்படிக்கைகளில் அதுவும் ஒன்று. சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்றது அதன் 119ஆம் பிரிவு. பெண்கள் மேல் வைத்த பாசத்தால் அல்ல. பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் நாடுகள் பொருளை மலிவாக விற்றுவிடும் என்று பிரான்ஸ் பயந்ததால்.

ஒன்பது வருடம் கழித்தும் அது எழுத்தாகவே கிடந்தது. 1966இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஆயுதத் தொழிற்சாலையில் சுமார் 3000 பெண்கள் அந்தப் பிரிவைச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். 12 வாரம் நின்றார்கள். சம்பளம் கூடியது, முழுச் சமம் கிடைக்கவில்லை. 1976இல்தான், ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அந்தப் பிரிவைக் காட்டித் தொழிலாளர்கள் தங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே உரிமை கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தம் தானாகப் பேசாது. நமக்கென்று கைச்சாத்தாகும் ஒவ்வொன்றையும் நாமும் வாசிப்போம்; வாசிக்கத் தெரியாதவருக்குப் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டுவோம். பிறகு, ஒன்றாக நின்று கேட்போம்.