கருவிகளைச் சுத்திகரிக்கும் ஆவி

(நாமக்கல்லில் கூடிய நன்கொடையாளர் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



தலைப்பைக் கேட்டதும் சிலர் வேதபுத்தகத்தைக் கையில் எடுத்ததைக் கவனித்தேன். நான் இன்று பேசப்போவது ஆவியானவரைப் பற்றி அல்ல, அறுவைக் கத்தியின்மேல் படும் வெறும் ஆவியைப் பற்றித்தான். நமது மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது என் குற்றமல்ல.

நான் மருத்துவன் அல்ல, இறையியல் படித்தவன். ஆனாலும் அறுவை முடிந்தவரின் உறவினரோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அவர்கள் அஞ்சுவது கத்தியின் வெட்டுக்கு. மருத்துவரோ ஐந்தாம் நாள் வரும் காய்ச்சலுக்கு அஞ்சுகிறார். அந்தக் காய்ச்சலைத் தடுக்கும் வேலையில் பாதி, உங்களில் எவரும் பார்த்திராத ஓர் அறையில் நடக்கிறது. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அங்கே செலவாவதால் அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சென்ற கூட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க ஐயா, எங்க ஹேச்சரியில நாங்க போடற புகையைத்தானே நீங்களும் ஆபரேசன் ரூமுல போடறீங்க? அதுக்கு எதுக்குங்க லட்சக்கணக்குல மிஷினு?" நல்ல கேள்வி. நாமக்கல்லில் மட்டுமே எழக்கூடிய கேள்வியும்கூட. இன்றைய என் பேச்சு முழுவதும் அவருக்குப் பதில்தான்.

ஹேச்சரியில் நடப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடைக்கு வைக்கும் முட்டையின் ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் கிருமி, பொரிக்கும் குஞ்சுக்குள் போய்விடக் கூடாது. அதற்காக அறையை அடைத்து, மண்சட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போட்டு, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டு ஓடிவருகிறீர்கள். 100 கன அடிக்கு 20 கிராமும் 40 மில்லியும் ஓர் அளவு. முட்டைக்கு அதைப்போல் மூன்று மடங்கு வைப்பதும் உண்டு. பெர்மாங்கனேட்டின்மேல்தான் ஃபார்மலினை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். எழும்பும் ஆவியில் கண் எரியும், மூக்கில் நீர் வடியும். அந்த ஆவிக்குப் பெயர் ஃபார்மால்டிஹைட். அதை நீரில் ஏறக்குறைய 40 சதவீதம் கரைத்து வைத்திருப்பதுதான் ஃபார்மலின். 2018-இல் கேரளத்தில் மீனில் கலந்திருந்ததாகப் பிடித்தார்களே, அதே சரக்கு.

கிருமியை அது எப்படிக் கொல்கிறது? கிருமியின் உடலிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டுக் கட்டிவிடுகிறது. தோல் பதனிடுகிறவர் பச்சைத் தோலைக் கெட்டுப்போகாத தோலாக மாற்றுவதும் ஏறக்குறைய இந்த வகையில்தான். ஆய்வகங்களில் உறுப்புகளை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வைக்கிறார்கள், வருடக்கணக்கில் அழுகாது.

ஆக, பெரியவர் சொன்னதில் பாதி சரி. சரக்கு ஒன்றுதான். ஆனால் முட்டையின் ஓட்டில் கிருமியைக் குறைத்தால் ஹேச்சரிக்குப் போதும். மனிதனின் வயிற்றுக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போகும் கருவியில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கலாகாது. கிருமியைக் குறைப்பது ஒன்று, அறவே ஒழிப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது கிருமியின் வித்து.

சீமைக்கருவேல விதையை உங்களுக்குத் தெரியும். வறண்ட ஏரியில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். சில கிருமிகளும் அப்படித்தான். காலம் கெட்டால் தடித்த தோலுக்குள் சுருண்டு வித்தாகிவிடும். இரணஜன்னியை உண்டாக்கும் கிருமி அந்த இனத்தைச் சேர்ந்தது. கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டாலும் அதன் வித்து சாகும் என்று நம்பமுடியாது. அதனால்தான் ஊசியை வெந்நீரில் போட்டெடுக்கும் பழைய வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டது.

வித்தைக் கொல்ல உறுதியான வழி, அழுத்தத்தில் அடைபட்ட நீராவி. இட்லிப் பானையில் 100 டிகிரிக்குமேல் சூடு ஏறாது. குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் சேர்ந்தால் 121 டிகிரிக்கு ஏறும். டெனிஸ் பாப்பின் என்பவர் 1679-லேயே அழுத்தப் பானையைச் செய்துவிட்டார்; எலும்பைக்கூட அதில் வேகவைத்துக் காட்டினார். அதை மருத்துவத்துக்குத் திருப்ப 200 வருடம் ஆயிற்று. பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் சாம்பர்லாண்டு 1879-இல் உருவாக்கியதுதான் ஆட்டோகிளேவ். (லூயி பாஸ்டரைச் சொல்கிறேன், சபைப் பாஸ்டரை அல்ல.) மின்சாரம் இல்லாத இடத்திலும் அடுப்பின்மேல் வைத்து நடத்தக்கூடிய ஆட்டோகிளேவ் உண்டு என்பது அதன் இன்னொரு பெருமை.

இங்கிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில், 1913-லிருந்து ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் வைத்தியம் பார்த்துவந்தார்கள். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்தார். குழந்தைப் பருவத்தை அந்த மலையில் கழித்த அவர்கள் மகன் பால் பிராண்டு பிற்காலத்தில் வேலூரில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஒரு தசைநாணை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துத் தைக்கும் வேலை அது. அந்த இடத்தில் சீழ் பிடித்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த விரல் மறுபடி விறைத்துப்போகும். அறுவை நிபுணரின் கை எத்தனை நுட்பமானாலும், கருவியைச் சுத்திகரித்தவரின் வேலை கெட்டால் எல்லாம் கெட்டது.

சரி, நீராவி இவ்வளவு நல்லதென்றால் வேறு ஆவி எதற்கு? நீராவியில் நீர் இருக்கிறது. கருக்கு அரிவாளை ஒரு நாள் மழையில் விட்டுப் பாருங்கள். பல் மருத்துவரின் கருவிகளிலும் வெட்டுக் கருவிகளிலும் சில கார்பன் எஃகால் ஆனவை. கூர்மை நன்றாக நிற்கும், ஆனால் துரு பிடிக்கும். 1981-இல் உற்பத்தி தொடங்கிய நமது சேலம் உருக்காலையின் எவர்சில்வர் தகடு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பாத்திரத்துக்கான அந்தத் தகட்டில் கத்தி செய்தால் தக்காளிகூடச் சரியாக நறுக்காது. கூர்மையும் துருப்பிடியாமையும் ஒரே உலோகத்தில் எளிதில் சேர்வதில்லை.

இதற்கு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் கண்ட வழிதான் இரசாயன ஆவி இயந்திரம். ஹார்வி கெமிக்ளேவ் என்ற பெயரில் அது அவர்களிடையே பரவியது. தண்ணீருக்குப் பதிலாக அதற்குள் ஒரு கரைசலை ஊற்றுவார்கள். பெரும்பகுதி ஆல்கஹால்; ஃபார்மால்டிஹைட் 0.23 சதவீதம் மட்டுமே, கொஞ்சம் தண்ணீர். சூடாக்கினால் எல்லாம் சேர்ந்து ஆவியாகும். 132 டிகிரி சூடு, சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்குக் குறையாத அழுத்தம், 20 நிமிடம். ஹேச்சரிச் சட்டியில் 40 சதவீதச் சரக்கு செய்யமுடியாததை இங்கே கால் சதவீதம் செய்துமுடிக்கிறது. அழுத்தமும் சூடும் மூடிய அறையும் சேர்வதால் வரும் வல்லமை அது. நீர்ப்பசை மிகக் குறைவானபடியால் கருவி துருவேறாமல், உலர்ந்தே வெளியே வருகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஒரு நன்கொடையாளர் இப்படி ஒன்றை வாங்கித் தரலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. கரைசலைத் தயாரிப்பாளரிடமே வாங்கவேண்டும். இங்கே கலக்கிக்கொள்ள முடியாது. கருவி துளி ஈரமுமில்லாமல் உள்ளே போகவேண்டும். தடித்த துணியில் சுற்றினால் ஆவியைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், கருவிக்குப் போய்ச் சேராது. கதவைத் திறக்கும்போது மிச்ச ஆவி வெளியே வரும். காற்றோட்டமில்லாத அறையில் அதைத் தினமும் சுவாசிக்கப்போவது அங்கே வேலை பார்க்கும் அக்காதான். ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது. கரைசல் தீர்ந்து, கப்பலுக்குக் காத்திருக்கும் இயந்திரம் மூலையில் மேசையாகிவிடும். தானமாக வந்த இயந்திரங்களின்மேல் பைல்களை அடுக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதே ஆவியின் ஏழைத் தம்பி ஒன்று நம் நாட்டுச் சிறிய மருத்துவமனைகளில் வெகுகாலம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபார்மலின் மாத்திரைகளைப் போட்டு, குழாய்களையும் உள்நோக்கிக் கருவிகளையும் இராமுழுவதும் அடைத்து வைப்பது. சூடு இல்லை, அழுத்தம் இல்லை, போதிய ஈரமும் இல்லை. மணம் மட்டும் பலமாக வரும். மணம் வருவதால் கிருமி செத்தது என்று நம்பினார்கள். இந்தப் பெட்டியைக் கருவிச் சுத்திகரிப்புக்கு நம்பக்கூடாது. அறுவை அறையில் வாராவாரம் ஃபார்மலின் புகை போடுவதையும் இன்றைய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. தரையையும் மேசையையும் கழுவுவதற்கும் காற்றை வடிகட்டுவதற்கும்தான் முதலிடம். ஜோசப் லிஸ்டரே இந்த வழியில் போய்த் திரும்பியவர். 1867-இல் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காத்துக் காட்டிய அந்தப் பெரிய மனிதர், பிறகு அறையின் காற்றிலேயே அதைத் தெளித்துப் பார்த்தார். 1890-இல் தெளிப்பானைக் கைவிட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

உள்நோக்கி என்றேன். துளை வழியாகச் செய்யும் அறுவைக்குப்பின் நம் நாட்டில் வந்த ஒரு தொல்லையை மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. தையல் ஆறிவிடும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். வாரங்கள் கழித்து அதே துளையில் கட்டி எழும்பி நீர் வடியும். வழக்கமான மருந்துக்குக் கேட்காது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான, தண்ணீரில் வாழும் ஒரு கிருமி அது. குளூட்டரால்டிஹைட் கரைசலில் கருவியை 20 நிமிடம் ஊறப்போட்டு, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்தால் இப்படி ஆகும். அந்தக் கரைசலில் வித்தையும் கொல்ல 10 மணி நேரம் ஊறவேண்டும். அலசும் தண்ணீரும் கிருமியற்றதாக இருக்கவேண்டும். வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கையில் ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு 10 மணி நேரம் யார் ஊறவைப்பார்? ஆகவே, இரண்டாவது கருவி ஒன்று வாங்கித் தருவதும் தொற்றுத் தடுப்புதான் என்று உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

2008-இல் விழுப்புரம் மாவட்டத்துக் கண் முகாம் ஒன்றில் தெரிந்தெடுக்கப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் தொற்றினால் பார்வை இழந்தார்கள். பார்வை வேண்டி வந்த எளியவர்கள். முகாமில் எத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்ற கணக்கைப் பெரிதாக அச்சிடும் நம்மைப் போன்ற பத்திரிகைகள் அந்த எண்ணையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சூடு தாங்காத பொருள்களுக்கு வேறு ஆவிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் 60 முதல் 80 டிகிரி நீராவியோடு ஃபார்மால்டிஹைடைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். தொழிற்சாலைகளில் எத்திலீன் ஆக்சைடு. நீங்கள் வாங்கும் குளுக்கோஸ் குழாயின் உறையில் ஈ.ஓ. என்று சிறு கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தால் அது இதைத்தான் குறிக்கிறது. எளிதில் தீப்பிடிப்பது, புற்றுநோய் உண்டாக்குவது என்று 1994-இல் வகைப்படுத்தப்பட்டதும்கூட. அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி வந்தது. அமெரிக்காவில் 1993-இல் அதன் பிளாஸ்மா இயந்திரத்துக்கு அனுமதி கிடைத்தது. வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகிறது. பருத்தியும் காகிதமும் மட்டும் உள்ளே போகக்கூடாது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்தில் ஒரு விதி வருகிறது. யுத்தத்திலிருந்து கொண்டுவந்த பொருள்களில் நெருப்பைத் தாங்குகிற உலோகங்களை நெருப்பிலும், தாங்காதவற்றைத் தண்ணீரிலும் சுத்திகரிக்கச் சொல்கிறது. அங்கே பேசப்படுவது சடங்குத் தூய்மை, கிருமி அல்ல. ஆனாலும் சூட்டைத் தாங்குவது எது, தாங்காதது எது என்று முதலில் பிரிப்பதை எங்கள் சுத்திகரிப்பு அறைச் சகோதரியும் தினமும் காலையில் செய்கிறார்.

அதற்கும் முன்னால் அவர் செய்வது கழுவுவது. பிரஷ்ஷால், கீல் கீலாக. இரத்தம் காய்ந்த கருவியை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்தால் அந்த இரத்தமும் பதனிட்ட தோலாகி ஒட்டிக்கொள்ளும், அதற்குள்ளே கிருமி சுகமாக இருக்கும். எந்த இயந்திரமும் கழுவாத கருவியைச் சுத்திகரிக்காது.

சரி, வேலை நடந்ததா என்று எப்படித் தெரியும்? முள் 121 காட்டலாம். உள்ளே அடுக்கின் நடுவில் சூடு போயிருக்காது. அதற்காக ஒரு சிறு குப்பி வருகிறது. சூட்டை மிகவும் தாங்கும், நோய் உண்டாக்காத ஒரு கிருமியின் வித்துகள் அதில் இருக்கும். நீராவிக்கும் இரசாயன ஆவிக்கும் பெராக்சைடுக்கும் ஒரே இனத்து வித்துதான். மூட்டைகளின் நடுவில் வைத்து இயந்திரத்தை ஓட்டி, பிறகு குப்பியை நசுக்கி ஊதா நிற ஊட்டநீரில் நனையவிட்டு, 55 முதல் 60 டிகிரி வெதுவெதுப்பில் வைப்பார்கள். ஊதாவாகவே நின்றால் வித்து செத்தது. மஞ்சளானால் உயிரோடிருக்கிறது, அந்தச் சுற்றில் போன கருவிகள் அத்தனையும் திரும்ப வரவேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இந்தக் குப்பிகளுக்கான செலவைத்தான். பளபளக்கும் இயந்திரத்தில் உங்கள் பெயரைப் பொறிக்கலாம். குப்பியில் பொறிக்க இடமில்லை, அதனால் கேட்கவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு குப்பிகள் வேண்டும். ஒன்று இயந்திரத்துக்குள் போகும். மற்றொன்று போகாது, வெளியே வைத்திருந்து அதையும் அதே வெதுவெதுப்பில் வைப்பார்கள். அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும். ஆகாவிட்டால் குப்பியே பழசு, சோதனையே செல்லாது; மறுபடி முதலிலிருந்து.